வளைந்த புரொப்பெல்லரும் ஆர்டிஸ் கேட்ட ஒரு வரியும்

எங்கள் சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டிலேயே விமானம் கட்டிக்கொள்ளும் பைத்தியங்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் என்பதால் பழக்கங்களும் அதற்கேற்றபடிதான் இருக்கும். ஒவ்வொரு ஜனவரியிலும், போன வருடத்தின் தலைசிறந்த முட்டாள்தனத்தைச் செய்த உறுப்பினருக்கு முறிந்துபோன ஒரு மரப் புரொப்பெல்லரைப் பரிசாகக் கொடுப்போம். வாங்கியவர் அதைத் தன் விமானக் கொட்டகையில் மாட்டி மறைத்துவிட முடியாது. வீட்டு வரவேற்பறையில், வருகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு வருடம் மாட்டிவைக்க வேண்டும். அதோடு சங்கத்தின் செய்தி இதழில் தன் வாழ்க்கை வரலாற்றைத் தானே எழுத வேண்டும். நிபந்தனை ஒன்றுதான், தற்பெருமை கூடாது. பெருமை வாடை அடிக்கிற வரியைத் தலைவர் நார்ம் ஹெக்கன் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

இந்த வருடம் பரிசு எனக்கு. ஜூன் மாதம் பிறந்தும் நான் ஒரு வரி எழுதவில்லை என்று போன வாரம் நார்ம் போன் போட்டுக் கத்தினார்.

"யோவ் வெர்லின், விமானம் கட்ட பதினோரு வருஷம் எடுத்துக்கிட்ட. வாழ்க்கை வரலாறுக்கும் அதே மாதிரி இழுத்தேன்னா நான் படிக்காமலே போய்ச் சேந்துருவேன்யா."

தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெயர் வெர்லின் டாலெஃப்சன். விஸ்கான்சினில் பிறந்து, விஸ்கான்சினிலேயே பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். பண்ணைகளில் பாலை ஏற்றி சீஸ் தொழிற்சாலையில் இறக்குவது வேலை. வாழ்க்கையில் நான் முழுசாகச் செய்து முடித்தது அந்த வேலை ஒன்றைத்தான், அதையும் முதலாளி தினமும் விரட்டியதால் முடித்தேன். மற்றதெல்லாம் பாதியில் நிற்கும். நான் கட்டத் தொடங்கிய படகில் இப்போது ஜெரேனியம் பூக்கிறது. வாசிக்கக் கற்கத் தொடங்கிய அக்கார்டியன் மெத்தைக்கடியில் தூங்குகிறது. வீட்டு அடித்தளத்தில் நானே கட்டிய குளியலறைக்கு இன்னும் கதவு போடவில்லை. என் மனைவி ஆர்டிஸ் அங்கே பூப்போட்ட திரை ஒன்றைத் தொங்கவிட்டாள். விருந்தாளிகள் உள்ளே போனால் பாட்டுப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

இப்படிப்பட்டவன் ஒரு நாள் இரண்டு பேர் உட்காரும் விமானம் கட்டப்போகிறேன் என்று பெட்டி பெட்டியாக அலுமினியத் தகடுகளை வாங்கிவந்து கார் நிறுத்தும் ஷெட்டில் இறக்கினால் கட்டிய மனைவி என்ன சொல்வாள்? ஆர்டிஸ் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையை இருபது வருடத்துக்கு மேல் ஆண்டவள் அவள், வார்த்தையை வீணாக்க மாட்டாள். ஷெட்டில் இறக்கை வந்து படுத்துக்கொண்டதால் அவளுடைய கார் வெளியே போனது. பதினோரு குளிர்காலம் அவள் விடியற்காலையில் எழுந்து காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டினாள். சரியாக என் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே காரை நிறுத்தி, சரியாக என் காதில் விழும்படி சுரண்டினாள். அந்தச் சத்தம்தான் விமானத்தைக் கட்டி முடித்தது என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

"நீ என்கூட வருவியா?" என்று நடுநடுவே கேட்பேன்.

"முதல்ல முடி. அப்புறம் பாக்கலாம்" என்பாள்.

முடித்தேன். நான் முடிக்க மாட்டேன் என்று பந்தயம் கட்டிய சங்கத்துக்காரர்கள் பலர் தோற்றார்கள். சட்டப்படி நாற்பது மணி நேரம் நான் தனியாகப் பறந்து சோதித்த பிறகுதான் இன்னொருவரை ஏற்றலாம். சோளக்காட்டுக்கு மேலே சுற்றிச் சுற்றி அதையும் முடித்தேன். இனி அவளிடம் சாக்கு எதுவும் மிச்சமில்லை. செப்டம்பரில் சங்கம் நடத்தும் பான்கேக் காலையுணவு முடிந்ததும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். டோர் கவுண்டிக்குப் பறந்து, ஏரிக்கரையில் பெரிய அண்டாவில் மீனைக் கொதிக்கவைத்துப் போடுகிற கடையில் சாப்பிட்டு, செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை தின்றுவிட்டுத் திரும்புவது திட்டம். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்த ஒரு நாள். பதினோரு வருடம் அவளைக் குளிரில் நிறுத்தியதற்கு, பக்கத்து இருக்கையில் அவளை உட்காரவைத்து ஏரியைக் காட்ட வேண்டும். சொல்லப்போனால் விமானமே அதற்குத்தான்.

இங்கே புரொப்பெல்லர் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் விமான நிலையத்தில் இரண்டு கட்சிகள்தான், மரக் கட்சி, அலுமினியக் கட்சி. தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று இங்கே எவரும் கேட்பதில்லை, மூக்கில் என்ன மாட்டியிருக்கிறாய் என்றுதான் கேட்பார்கள். அலுமினியம் மெல்லியதாக இருக்கும், வேகம் கொடுக்கும், மழையில் பறந்தாலும் கவலையில்லை. கல் பட்டுச் சிராய்த்தால் அரம் போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம். மரம் அப்படியல்ல, அதற்குக் கைக்குழந்தை மாதிரிப் பணிவிடை செய்ய வேண்டும். கோடையில் ஊதும், குளிரில் சுருங்கும், பருவம் மாறும்போதெல்லாம் போல்ட்டுகளைத் திரும்ப முறுக்கிச் சரிபார்க்க வேண்டும். மழைத்துளி அதன் விளிம்பைத் தின்னும். நிறுத்திவைக்கும்போது படுக்கைவாட்டில்தான் நிறுத்த வேண்டும். நெட்டுக்குத்தாக விட்டால் ஈரமெல்லாம் கீழ்ப்பக்கம் இறங்கி ஒரு பக்கம் கனத்துவிடும்.

இவ்வளவு தொல்லை கொடுக்கிற மரத்துக்கு ஒரே ஒரு புகழ். தரையில் அடித்தால் மரம் தூள்தூளாகப் போய்விடும், அடி எஞ்சினுக்குள் போகாது. அலுமினியமோ உடையாது, வளையும், வாங்கிய அடியை அப்படியே பின்னால் எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டுக்கு அனுப்பிவைக்கும். இந்தத் தத்துவத்தை எங்கள் கொட்டகை வரிசையில் காபிக் கோப்பையும் கையுமாகப் பிரசங்கம் செய்தவன் யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். "எஞ்சினா, புரொப்பெல்லரா, எது போனா தேவலைன்னு யோசிச்சுப் பாருங்க" என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தேன். அப்புறம் ஒரு விற்பனை விளம்பரத்தில் பளபளவென்று பாலிஷ் போட்ட அலுமினியப் புரொப்பெல்லரின் படத்தைப் பார்த்தேன். மணிக்கு ஐந்து மைல் கூடுதல் வேகம் என்று போட்டிருந்தது. வாங்கி மாட்டிவிட்டேன். பால் லாரி ஓட்டியவனுக்கு அந்த ஐந்து மைல் எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பக்கத்துக் கொட்டகைக்காரன் கஸ் ப்ரிபில், மரக் கட்சியின் தூண். என் விமானத்தின் மூக்கைப் பார்த்து அவன் சாவு வீட்டில் நிற்பவன் போலத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"என்னடா இது, மதம் மாறிட்டியா?"

"சும்மா ஒரு சோதனைக்குத்தான்டா."

"சோதனையா? உன் மூஞ்சி அதுல தெரியுதுன்னு நின்னு தலை சீவிக்கிட்டு இருந்ததை நான் பாத்தேன்டா."

கஸ் அதற்கு முந்தின வருடப் பரிசுக்காரன். பியர் வைத்த ஐஸ் பெட்டியை விமானத்துக்கு முன்னாலேயே மறந்துவிட்டு எஞ்சினைக் கிளப்பியவன். மரப் புரொப்பெல்லர் விறகாகிப் போனது, பியர் மழை பெய்தது. வேறொரு மரப் புரொப்பெல்லரை மாட்டி அடுத்த வாரமே பறந்தான். எஞ்சினைத் திறந்து பார்க்கவே இல்லை. "பாத்தியா, மரம் காப்பாத்திருச்சு" என்று மார்தட்டினான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மனைவி மார்லிஸை ஏற்றிக்கொண்டு பறப்பதும் தொடர்ந்தது.

பான்கேக் நாள் வந்தது. மைதானப் பராமரிப்புக் குழுவுக்கு நான் பொறுப்பு. புல்தரையில் பேட்ஜர் என்கிற வளை தோண்டும் விலங்கு ஒன்று பள்ளம் தோண்டியிருந்தது. நானே ஒரு வாரம் முன்பு அங்கே ஆரஞ்சு நிறக் கொடி நட்டிருந்தேன். அன்று காலை விருந்தாளிகள் வரும்போது அந்தக் கொடி பார்க்க அசிங்கமாக இருக்கிறது, போட்டோவில் விழும் என்று அதை நானே பிடுங்கிவிட்டேன். பிறகு பறந்து போய், இறங்கி, கூட்டம் எல்லாம் பார்க்கும்படி பான்கேக் கடையை ஒட்டிப் புல்தரையில் ஒய்யாரமாக ஓட்டிவந்தேன். ஆர்டிஸ் அடுப்புக்குப் பின்னால் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக் கையசைத்தேன். கை மேலே இருக்கும்போதே இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது.

வால் தூக்கியது, மூக்கு கவிழ்ந்தது, எஞ்சின் கழுத்தைப் பிடித்தது போல் நின்றது. புல்லும் மண்ணும் பறந்து வந்து பான்கேக்குக்கு ஊற்றும் சிரப் பாத்திரத்தில் விழுந்தன. ஆர்டிஸ் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"அடி பட்டுச்சா?"

"ரெண்டு நுனியும் வளைஞ்சிருச்சு" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அடுப்புக்குத் திரும்பிப் போனாள். பான்கேக் கருகிக்கொண்டிருந்தது.

புரொப்பெல்லரின் இரண்டு நுனிகளும் வாணலியில் போட்ட பன்றிக்கறித் துண்டு மாதிரி சுருண்டிருந்தன. கொட்டகைக்குத் தள்ளிவந்ததும் மொத்தச் சங்கமும் தட்டோடு வந்து சூழ்ந்துகொண்டது. எங்கள் ஊரில் ஒருவன் செத்தால்கூட இவ்வளவு பேர் இவ்வளவு சீக்கிரம் வர மாட்டார்கள்.

"நுனிதான வளைஞ்சிருக்கு" என்றான் கஸ். "எழவு விழுந்த மாதிரி நிக்காத. டயல் கேஜ் வச்சுப் பாரு."

கேஜ் வைத்து, ஷாஃப்ட்டின் முன்பக்கத்தைக் கையால் சுற்றிப் பார்த்தோம். ஷாஃப்ட் வளைந்திருந்தால் கேஜின் முள் ஆடும், அது அசைந்ததாகவே தெரியவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

நார்ம் மட்டும் வாய்க்குள் இருந்த பான்கேக்கை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "எஞ்சின் கம்பெனி என்ன சொல்லுதுன்னு உனக்கே தெரியும். மரமோ அலுமினியமோ, தரையில அடிச்சு நின்னுச்சுன்னா பிரிச்சுப் பாக்கணும். முள்ளுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் உள்ள இருக்கும். பின்னாடி பல்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற சின்ன இரும்பு முளை, அந்த 'பின்', வெட்டுப்பட்டிருக்கும். அது போச்சுன்னா எஞ்சின் மேலயே நின்னுரும்."

"அது கடையில வாங்கின விமானத்துக்குங்க" என்றான் கஸ். "இவன் வீட்டுல கட்டினது. சட்டம் இவனைத் தொடாது. வெர்லின், என்கிட்ட ஒரு மரப் புரொப்பெல்லர் சும்மா கிடக்கு. உன் எஞ்சினுக்கு அப்படியே பொருந்தும். மாட்டிட்டு ரெண்டு ரவுண்டு தனியா சுத்து. அப்புறம் ஆர்டிஸைக் கூட்டிட்டுப் போ. ஏரி எங்கயும் ஓடிராது, ஆனா மீன் கடைய அக்டோபர்ல மூடிருவான்."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை வீழ்த்தியது. எஞ்சினைப் பிரித்தால் திரும்பி வர வசந்தகாலம் ஆகும். ஆர்டிஸின் 'வருகிறேன்' மறுபடி 'பாக்கலாம்' ஆகிவிட்டால் என்ன செய்வது? அவளுக்கும் வயதாகிறது, எனக்கும் வயதாகிறது. அந்தப் பயம் எனக்கு உண்மையாகவே இருந்தது.

வெளியாட்களுக்குத் தெரியாத இன்னொரு கூத்தும் உண்டு. வீட்டில் விமானம் கட்டியவனுக்கே அதைச் சோதித்துச் சான்று எழுதும் உரிமையை அரசாங்கம் கொடுக்கிறது. ஆக, என் விமானத்துக்கு ஆய்வாளர் நான். சோதனைக்கு உட்படும் சொந்தக்காரனும் நான். இரண்டு பேருக்கும் ஒரே தொப்பி, ஒரே மூக்குக் கண்ணாடி. மூன்று நாள் இருவரும் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். சொந்தக்காரன் நன்றாகப் பேசினான். ஆய்வாளர் ஆரம்பத்தில் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார், பிறகு முள் அசையவில்லை என்ற ஒரே பாயிண்ட்டில் மடங்கிவிட்டார்.

புதன்கிழமை கஸின் மரப் புரொப்பெல்லர் என் விமானத்தின் மூக்கில் இருந்தது. கொட்டகை மேசையில் விமானத்தின் பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு சுற்றுத் தனியாகப் பறக்க வேண்டும், சனிக்கிழமை ஏரி. தனியாகப் பறக்க எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இருக்கவில்லை என்பதை இங்கே குறித்துவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆர்டிஸ் சாண்ட்விச்சோடு வந்தாள். சனிக்கிழமைக்காக வாங்கிய நீல ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள், இருக்கையில் உட்கார்ந்தால் தோளைப் பிடிக்கிறதா என்று பார்க்க. ஏறி உட்கார்ந்தவள் எதிரே பதித்திருந்த தகட்டை வாசித்தாள். வீட்டில் கட்டிய ஒவ்வொரு விமானத்திலும் பயணியின் கண்ணுக்கு நேராக அது இருந்தாக வேண்டும். இது அமெச்சூர் கட்டியது, வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளின்படி அமைந்ததல்ல என்று அதில் எழுதியிருக்கும். காதலியைக் கூட்டிப் போகிறவனுக்கு இதைவிட நல்ல வாசகம் எந்த அரசாங்கம் எழுதிக் கொடுக்கும்?

"விதிப்படி அமைஞ்சதில்லைன்னா, இது நல்லா இருக்குன்னு யாரு சொல்றது?" என்று கேட்டாள்.

"ஆய்வாளர் சொல்வாரு."

"யாரு அவரு?"

"நான்தான்."

"பாத்ரூமுக்குக் கதவு போடாத ஆளா?"

"அதே ஆள்தான்."

இறங்கிவந்து மேசைக்கு எதிரே நின்றாள். "என்ன எழுதப்போற?"

"வழக்கமா எழுதறதுதான். 'இந்த விமானத்தைச் சோதித்தேன். பத்திரமாகப் பறக்கத் தகுந்த நிலையில் இருக்கிறது.' கீழ கையெழுத்து."

"என் பேரைச் சேத்து வாசி."

"அப்படியெல்லாம் எழுதக் கூடாது ஆர்டிஸ்."

"எழுத வேண்டாம். வாசி. சத்தமா."

இதென்ன பிரமாதம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். "இந்த விமானத்தைச் சோதித்தேன். ஆர்டிஸ் டாலெஃப்சனை ஏற்றிக்கொண்டு பத்திரமாக..." அவ்வளவுதான் வந்தது. தண்ணீர் குடித்தேன். மறுபடி தொடங்கினேன். அவள் பெயர் வரைக்கும் வந்தது, அதற்கு மேல் நாக்கு எழவில்லை. உள்ளே பின்பக்கத்தில், நான் பார்த்தே இராத அந்தச் சின்னப் பின்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

ஆர்டிஸ் சாண்ட்விச்சை என் பக்கம் தள்ளினாள். "சரி. சாண்ட்விச்சைச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு அவள்மீது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சாண்ட்விச்சைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன். பிறகு ஸ்பேனரை எடுத்து கஸின் புரொப்பெல்லரைக் கழற்றினேன். அன்று மாலைக்குள் எஞ்சின் கொக்கியில் தொங்கியது. தெற்கே இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் பட்டறைக்கு அதை நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டு வந்தேன். மீன் கடை மூடியது. மான் வேட்டைக் காலம் வந்து போனது. ஏரி உறைந்து, அதன்மேல் குடிசை போட்டு மீன் பிடிக்கிற காலமும் வந்தபோது பட்டறைக்காரர் போன் செய்தார்.

"எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டோம் சார். விரிசல் இல்ல, பின் நல்லா இருக்கு, ஷாஃப்ட் நேரா இருக்கு."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தோம்."

"சின்னதா ஒரு கீறல்கூட இல்லையா?"

"சார், ஒண்ணும் இல்லைன்னு சொன்னா எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. நீங்க துக்கம் விசாரிக்கிற மாதிரி கேக்குறீங்களே?"

அவருக்கு என் நிலைமை தெரியாது. கஸிடம் காட்ட எனக்கு ஒரு விரிசல் தேவைப்பட்டது. ஒரு நகக்கண் அளவு போதும், அதைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டுக் கொட்டகையில் வைத்திருப்பேன்.

ஜனவரி விருந்தில் நார்ம் எழுந்து நின்றார். பள்ளத்துக் கொடியைப் பிடுங்கியதே பரிசுக்குப் போதும், ஆனால் தரையில் மூக்கு குத்துவது இங்கே பாதிப் பேர் செய்த காரியம், அதனால் பரிசு வேறொன்றுக்கு என்றார். பிறகு கஸ் மேடையேறி, தன் வரவேற்பறையிலிருந்து கழற்றிக்கொண்டுவந்த முறிந்த புரொப்பெல்லரை என் கையில் கொடுத்தான்.

"நண்பர்களே, நம்ம டாக்டர் டாலெஃப்சன் இந்த வருஷம் ஒரு பெரிய ஆபரேஷன் பண்ணினாரு. நோயாளி நல்லா இருந்தாரு. வயித்தைக் கிழிச்சுப் பாத்தாரு. நோயாளி அப்பவும் நல்லாத்தான் இருந்தாரு. பில் மட்டும் வந்துச்சு!"

மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், காது மடல் எரிந்துகொண்டிருந்தது.

சாப்பாட்டின்போது கஸின் மனைவி மார்லிஸ் ஆர்டிஸைக் கேட்டாள். "நீ ஏன் இன்னும் பறக்கல? நான் கஸ்கூட வாராவாரம் போறேன், ஜம்முனு இருக்கு."

"வெர்லினால வாசிக்க முடியல" என்றாள் ஆர்டிஸ்.

"எதை?"

ஆர்டிஸ் சொன்னாள். மார்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கஸை நெடுநேரம் பார்த்தாள். கஸ் அப்போது இன்னும் ஆபரேஷன் ஜோக்கைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

பிப்ரவரியில் ஒரு நாள் என் கொட்டகைக்குப் போகும் வழியில் கஸின் கதவு திறந்திருந்தது. அவன் விமானத்தின் புரொப்பெல்லர் நெட்டுக்குத்தாக நின்றுகொண்டிருந்தது. கஸ் சோறு தண்ணியை மறந்தாலும் மறப்பான், புரொப்பெல்லரைப் படுக்கைவாட்டில் நிறுத்த மறக்க மாட்டான். அன்று மறந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் அவனே வந்து, குளிரைப் பற்றிப் பேசினான், பேக்கர்ஸ் கால்பந்து அணியைப் பற்றிப் பேசினான், என் அடுப்பில் கையைக் காய்ச்சினான்.

"அந்தப் பட்டறைக்காரன் நம்பர் இருக்காடா?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"மார்லிஸ் வாசிக்கச் சொன்னாளா?"

"சொன்னா."

"வாசிச்சியா?"

"பாதியில இருமல் வந்துருச்சுடா."

நான் சிரிக்கவில்லை. இதைத் தற்பெருமை என்று நார்ம் அடிக்கக்கூடும், ஆனால் உண்மை. நம்பரைக் கொடுத்தேன்.

கஸின் எஞ்சினில் அந்தப் பின் பாதிக்கு மேல் வெட்டுப்பட்டிருந்தது. மரம் தூளானபோதே அடியில் ஒரு பங்கு உள்ளே போயிருக்கிறது. அதோடுதான் ஒரு வருடத்துக்கு மேல் மார்லிஸை ஏற்றிக்கொண்டு சுற்றியிருக்கிறான். செய்தி வந்த அன்று மார்லிஸ் அடுப்பில் சுட்ட ஒரு ஆப்பிள் பையைக் கொண்டுவந்து எங்கள் சமையலறையில் வைத்து, ஆர்டிஸைக் கட்டிக்கொண்டு அழுதாள். கஸ் எங்கள் வரவேற்பறையில் நான் மாட்டியிருந்த முறிந்த புரொப்பெல்லருக்கு அடியில் உட்கார்ந்து, தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மரக் கட்சி ஒரு வாரம் மௌனம் காத்தது. அதற்குப் பிறகு அந்த ஐஸ் பெட்டி வழக்கத்தைவிடக் கெட்டியானது என்று ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்கள். இப்போது எங்கள் வரிசையில் பல வீடுகளில் கணவன்மார்கள் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும், பட்டறையில் அடுத்த குளிர்காலம்வரை இடமில்லை என்றும் கேள்வி.

மே மாதம் என் எஞ்சின் விமானத்தில் ஏறியது. மூக்கில் நானே வாங்கிய மரப் புரொப்பெல்லர், ஐந்து மைல் குறைவு. எஞ்சினை அது காப்பாற்றும் என்று இப்போது நான் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. புரொப்பெல்லர் புதிது என்பதால் சட்டப்படி மறுபடியும் சில மணி நேரம் தனியாகச் சுற்றினேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை, காற்று இல்லாத காலை, ஆர்டிஸ் நீல ஜாக்கெட்டில் வந்தாள். ஏறினாள், தகட்டை மறுபடி வாசித்தாள், பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். கேட்காமலே நான் பதிவேட்டை எடுத்து வாசித்தேன். அவள் பெயரோடு, இருமாமல், முற்றுப்புள்ளிவரை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சாவியைத் திருப்பப் போனேன். கையைப் பிடித்தாள்.

"இன்னும் முடியல. உன் பேரைச் சேத்து வாசி."

"எனக்கெதுக்கு? நான்தான் இத்தனை நாளா பறந்துக்கிட்டு இருக்கேனே."

"அதான் கேக்குறேன். நாப்பது மணி நேரம் நீ தனியா மேல சுத்தினப்ப நான் ஜன்னல்கிட்ட நின்னு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தேன். பாத்திரம் கழுவினா சத்தம் கேக்காதுன்னு குழாயைக்கூடத் திறக்கல. அது நின்னா எனக்கு யாரு வெர்லின்? பாக்கலாம் பாக்கலாம்னு தள்ளிப்போட்டது நான் செத்துருவேன்னு பயந்தா? நீ என்னைக்கும் உன்னை ஒரு ஆளா கணக்குல வச்சதே இல்ல. வாசி."

புல்தரையில் கரண்டியோடு ஓடிவந்து அடி பட்டுச்சா என்று கேட்டதும் என்னைத்தான். நான் புரொப்பெல்லர் நுனியைப் பற்றிப் பதில் சொன்னேன். அறுபத்தெட்டு வயதில், கண்ணாடிக்கு முன்னால் அந்த மரம் படுக்கைவாட்டில் நிற்க, நான் அழுதேன். நார்ம், இது பெருமை இல்லை, அடிக்காதீர்கள். பிறகு வாசித்தேன். வெர்லின் டாலெஃப்சனை ஏற்றிக்கொண்டு பத்திரமாகப் பறக்கத் தகுந்த நிலையில் இருக்கிறது என்று, ஒவ்வொரு போல்ட்டையும் மனசுக்குள் தொட்டுப் பார்த்து, மெதுவாக வாசித்தேன்.

"ம். இப்பக் கிளப்பு" என்றாள்.

எழும்பி ஊரைச் சுற்றியபோது அவள் ஏரிப் பக்கம் பார்க்கவில்லை, நேர் கீழே பார்த்தாள். எங்கள் வீட்டுக் கூரை, ஜெரேனியம் படகு, வெளியே நிற்கும் அவளுடைய கார்.

"அந்த வீட்டுக்குள்ள ஒரு கதவு பாக்கி இருக்கு" என்றாள் ஆர்டிஸ்.

மீன் சாப்பிட்டோம், பை சாப்பிட்டோம், பத்திரமாகத் திரும்பினோம். இந்த வரலாறு தாமதமானதற்குக் காரணம், மறுநாளிலிருந்து நான் கதவு போட்டுக்கொண்டிருந்தேன். அது உரசுகிறது, ஆனால் சாத்துகிறது.